சின்னவளின் ஈரத் துண்டு

பிப்ரவரி 6, செவ்வாய்

சின்னவளின் துண்டில் ஒரு வாசனை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நாள் பூராவும் வெளுப்பு மருந்தில் கை வைக்கிறவள் நான். என் கையில்தான் அடிக்கிறது என்று முதலில் நினைத்தேன். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி மோந்து பார்த்தேன். துண்டில்தான்.

"ஸ்கூல்ல பினாயில் ஊத்திக் கழுவுனாங்கம்மா" என்றாள்.

பினாயில் வாசனை எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 8

இன்றைக்குத் தலையும் ஈரம். மழையே இல்லை.

பிப்ரவரி 10, சனி

அவள் பையைத் துழாவினேன். பெற்றவள் செய்கிற வேலையா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். அடியில், பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டி, ஒரு கறுப்பு நீச்சலுடை.

பெரியவன் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கல்குவாரிப் பள்ளத்தில் தேங்கின தண்ணீர். கால் கழுவத்தான் இறங்கினானாம். பதினேழு வயசு. அன்றிலிருந்து வாளியில் தண்ணீர் நிரம்புகிற சத்தம்கூட எனக்கு ஆகாது. இவளுக்கு அந்தத் தண்ணீரேதான் வேண்டுமா?

"யாருடி உனக்கு இதை வாங்கிக் குடுத்தது?"

அப்பாவைப் பார்த்தாள். ஓஹோ, அவரும் கூட்டு.

"நான்தான் சேத்துவிட்டேன்" என்றார், கையில் ஒட்டியிருந்த பெயிண்ட்டைச் சுரண்டிக்கொண்டே. "உன்கிட்ட சொன்னா விடுவியா?"

விடமாட்டேன். அதற்காக?

கத்தரிக்கோலை எடுத்து அதைத் துண்டு துண்டாக வெட்டினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிக்கொண்டிருப்பேன். நின்று பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"கரையில நாலு பேர் நின்னாங்களேம்மா. ஒருத்தனுக்காச்சும் நீந்தத் தெரிஞ்சிருந்தா அண்ணன் இன்னைக்கு இருந்திருப்பான்ல?"

அறைந்துவிட்டேன்.

பிப்ரவரி 11

சின்னவள் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டாளாம்.

பிப்ரவரி 14

தங்கை போன் செய்தாள். "நல்லாத்தான் இருக்காக்கா. நீ சாப்டியா?"

"அவகிட்ட குடு."

"குளிக்கிறாக்கா."

பின்னால் டிவியும் அவள் சிரிப்பும் கேட்டது. பொய் சொல்லக்கூடத் தெரியாதவள் என் தங்கை. அதுகூடப் பரவாயில்லை, அந்தச் சிரிப்பு— இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது? சிரித்தால் நான் முறைப்பேன் என்று அடக்கிக்கொண்டே இருந்தாளோ?

பிப்ரவரி 17

சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் கேட்டாள்: "ஏன்க்கா, நீ விரிப்பை மடிக்கிறியா, கழுத்தை நெரிக்கிறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் உலர்த்துகிற மெஷினுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்காது.

பிப்ரவரி 18

ஏன்டா போனே? நீ போனது பத்தாதா? அவளையும் ஏன்டா அந்தப் பக்கமே இழுக்கிறே? ஒண்ணைத் தண்ணி கொண்டுபோச்சு. இன்னொண்ணை நானே விரட்டிட்டேன். நான் யாருக்குடா அம்மா இப்ப? சொல்லேன்.

பிப்ரவரி 20

சாப்பிட உட்கார்ந்த அவள் அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவளுக்கும் பயம்தான். மொத நாள் நீச்சல் குளத்துப் படிக் கம்பியை விடவே இல்ல. அழுதுக்கிட்டே நின்னா. சரி, வேணாம், வா போகலாம்னேன். நாளைக்கும் வரணும்ப்பான்னா."

எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. என்னிடம் எப்படிச் சொல்வார்கள்?

பிப்ரவரி 22

வேலை முடிந்ததும் நீச்சலுடை வாங்க விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். வாசல்வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பினேன்.

"என்ன சைஸ்ம்மா?" என்றார் கடைக்காரர்.

பெரியவன் சட்டை அளவு, செருப்பு அளவு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இவள் அளவு?

"சரி, எவ்வளவு உயரம் இருப்பாங்க?"

கையை என் நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினேன். அதற்குத் தகுந்த மாதிரி எடுத்துக் கொடுத்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. நெஞ்சு உயரம்தானா அவள்?

பிப்ரவரி 23

தங்கை வீட்டுக் கதவைத் திறந்தது சின்னவள்தான். பையை நீட்டினேன். வெளியே எடுத்து, உடம்பில் வைத்துப் பார்த்தாள். பாதிதான் வந்தது.

"அம்மா, அண்ணன் இருந்தப்ப இருந்த என் சைஸ்ம்மா இது."

சிரிக்கத்தான் பார்த்தாள். அழுகை முந்திக்கொண்டது. கிட்டே வந்து நின்றாள். நான் அவளைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் கண்ணும் அவள் கண்ணும் நேருக்கு நேர். எப்போது வளர்ந்தாள்? தினமும் தலை பின்னிவிட்ட கை இது. இதுவும் கவனிக்கவில்லையா?

"அடிச்சது ரொம்ப வலிச்சுதாடி?"

"அது இல்லம்மா. வெட்டுனதுதான்."

மார்ச் 2, சனி

துணியை மாற்றி வாங்கினோம். நீச்சல் குளத்தோரத்துப் பெஞ்சில் என்னை உட்காரவைத்துவிட்டு இறங்கினாள். அவள் தலை தண்ணீருக்குள் போனதுதான் தெரியும், எழுந்து நின்று கத்திவிட்டேன். பெரியவன் பேரைச் சொல்லி. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தூரத்தில் ஒரு தலை மேலே வந்தது. "இங்க இருக்கேம்மா!"

மார்ச் 9, சனி

பயம் போகவில்லை. போகாது.

அவள் நீச்சலுடையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போட்டேன். வெயிலில் போட்டால் எலாஸ்டிக் விட்டுப்போகும். கொடியில் ஈரத் துண்டு இரண்டு தொங்குகிறது. ஒன்று என்னுடையது. குளத்துப் படியில் முழங்கால்வரைக்கும்தான் இறங்கினேன். கம்பியை விடவில்லை.