இஸ்திரி வாசனை

டிசம்பர் 19, வெள்ளி

இன்றும் வந்தது. சயின்ஸ் வகுப்பில்.

முதலில் அந்த வாசனை. ஈரத்துணியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் வருமே, அது. பிறகு ராட்டினம் இறங்கும்போது வயிற்றுக்குள் ஒன்று எழும்புமே, அது தொண்டை வரை வந்தது. பிறகு எல்லாமே ஏற்கெனவே நடந்ததாகத் தோன்றியது — ஜன்னல், டீச்சரின் சிவப்பு ஸ்வெட்டர், போர்டில் பாதி எழுதிய வார்த்தை. பிறகு ஒன்றுமில்லை.

கயல் என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் என்னைப் போல இந்தியாவிலிருந்து அமெரிக்கா வந்தவள்தான், கோயம்புத்தூர். "ஜெர்லின், எங்கடி போயிட்ட? வாயை மென்னுட்டே இருந்த. பபுள் கம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

போர்வைக்குள் ஃபோன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். தம்பி பெனிஷுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால் தமிழ்தான் பத்திரம். எங்கள் தமிழ் சர்ச் சபையில் ஞானமணி ஆன்ட்டி ஒரு முறை சொன்னார்: அவர் ஊரில் ஒரு பையன் இப்படித்தான் வெறித்துப் பார்ப்பானாம். பிசாசு என்று கட்டிப்போட்டு ஜெபித்தார்களாம்.

எனக்குள் என்ன இருக்கிறது?

டிசம்பர் 20, சனி

வரவில்லை. வந்திருந்தால் எனக்குத் தெரியுமா?

டிசம்பர் 21, ஞாயிறு



சாயங்காலம் சபையிலிருந்து கிறிஸ்மஸ் பாட்டுப் பாடும் கேரல் குழு எங்கள் வீட்டுக்கு வந்தது. கார் காராக வந்து இறங்கினார்கள். தேவதாஸ் அங்கிள்தான் கிறிஸ்மஸ் தாத்தா. முகமூடியோடு ஆடி, சோபாவில் இடித்துக்கொண்டு, "ஐயோ என் முட்டி" என்றார். எல்லோரும் சிரித்தோம். இரண்டாவது பாட்டில் அந்த வாசனை வந்தது.

எனக்கு நினைவு திரும்பியபோது பாட்டு நின்றிருந்தது. ஞானமணி ஆன்ட்டி தரையில் முழங்காலிட்டு என் கையைப் பிடித்திருந்தார்.

"பாப்பா, என்ன பார்த்த? பயப்படாம சொல்லு."

என்ன சொல்வது? உண்மையைத்தான் சொன்னேன். எல்லாம் வெளிச்சமாக இருந்தது, எல்லாம் முன்னாடியே நடந்த மாதிரி இருந்தது என்று.

"ஸ்தோத்திரம்! பிள்ளைக்குத் தரிசனம் வந்திருக்கு!"

"என்னையத்தான் பார்த்திருப்பா. இந்த மூஞ்சிய யாரு பார்த்தாலும் அப்படித்தான்," என்றார் தேவதாஸ் அங்கிள், முகமூடியைத் தூக்கிக்கொண்டு. யாரும் சிரிக்கவில்லை.

அப்பா கேக் தட்டோடு நின்றிருந்தார். "டயர்டா இருக்கா, அவ்வளவுதான் ஆன்ட்டி."

"நீங்க சும்மா இருங்க தம்பி. கிறிஸ்மஸ் ஆராதனைல எல்லார் முன்னாடியும் பாப்பா சாட்சி சொல்லட்டும். கர்த்தர் காட்டினதை மறைக்கக் கூடாது."

அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சந்தோஷம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

போன மாதம் சொல்லியிருந்தால் பிசாசு. இன்று தரிசனம். இரண்டில் எது? இரண்டுமே எனக்குப் பயமாக இருக்கிறது. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, மைக்கில் நான் என்ன சொல்வேன்? ஆண்டவர் இஸ்திரி வாசனையோடு வந்தார் என்றா?

டிசம்பர் 22, திங்கள்

அம்மா அச்சுமுறுக்கு சுட்டார். எப்போதும் அச்சை எண்ணெயில் உதறுவது என் வேலை. இன்று பக்கத்தில் போனதும், "நீ அடுப்புகிட்ட வராத," என்றார்.

"ஏம்மா? போன வருஷம் நான்தானே பண்ணேன்?"

"வராதன்னா வராத."

குளிக்கப் போகும்போது கதவுக்கு வெளியிலிருந்து, "தாழ்ப்பாள் போடாத, ஜெர்லி."

தரிசனம் காண்கிற பெண் ஏன் தாழ்ப்பாள் போடக் கூடாது?

அம்மாவுக்கு ஏதோ தெரியும்.

டிசம்பர் 23, செவ்வாய்

பள்ளி அரை நாள்தான். கயல் வீட்டில் இருந்துவிட்டு, சாயங்காலம்தான் வீட்டுக்கு நடந்து வந்தேன். எங்கள் ஊரில் ஒரே ஒரு கடைவீதி. நான்கரை மணிக்கே இருட்டி, எல்லாக் கடையிலும் விளக்கு. முடிதிருத்தும் கடை வாசலில் மரத்தில் செய்த மான் ஒன்று நிற்கிறது, மூக்கில் சிவப்பு பல்ப். பேக்கரியிலிருந்து லவங்கப்பட்டை வாசனை. நிஜ வாசனைதானா என்று நின்று சோதித்தேன். நிஜம்தான்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அது வந்தது, லேசாக. இந்த முறை முழுதாகப் போகவில்லை. விளக்குகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் எரிவது போல இருந்தன. நியூயார்க் ரயில் வந்து நின்றது. இறங்கியவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும் என்று தோன்றியது. பச்சைத் தொப்பிக் கிழவர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட பெண் — அவர்கள் பெயர்கூட நாக்கு நுனியில் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே இந்தப் பிளாட்பாரத்தில் நின்று அவர்களுக்காகக் காத்திருந்த மாதிரி.

இவ்வளவு அழகான ஒன்று எப்படிக் கெட்டதாக இருக்கும்?

ஆனால் கண்ணைத் திறந்து பார்த்தபோது — இல்லை, கண் திறந்துதான் இருந்தது — தண்டவாளத்துக்கு மிகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே எப்போது போனேன்?

டிசம்பர் 24, புதன்

பக்கத்து ஊரான பார்சிப்பனியில் இருக்கும் இந்தியக் கடைக்கு அம்மாவோடு போனேன். பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தியதும் தண்டவாளத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார்.

"ஜெபாவுக்கும் முதல்ல இப்படித்தான் இருந்துச்சு."

ஜெபா சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை, இந்தியாவில், நாசரேத் என்கிற ஊரில், மாமா வீட்டில் இருக்கிறார். உடம்புக்கு முடியாது என்று மட்டும் சொல்வார்கள்.

"நிச்சயதார்த்தத்தன்னைக்குக் கீழ விழுந்துட்டா. வலிப்பு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க சாப்பிடாமலே போயிட்டாங்க. அப்புறம் டாக்டர் குடுத்த மாத்திரைய தாத்தா நிறுத்திட்டாரு. மாத்திரை தின்னா ஊருக்குத் தெரியும், ஜெபம் போதும்னு. அப்புறம் ஒருநாள் வலிப்பு வந்து, தெரியாமலே அடுப்புல கைய வச்சுட்டா, வெந்துபோச்சு."

நான் அழுதேன்.

"ஆன்ட்டி தரிசனம்னு சொன்னப்ப எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அதுவாவே இருந்துட்டா என்னன்னு."

"அப்ப நாளைக்கு நான் பொய் சொல்லணுமா?"

அம்மா கதவைத் திறந்து இறங்கினார். கடைக்குள் போய்த் தேங்காய் வாங்கி வந்தோம்.

டிசம்பர் 25, வியாழன்

எங்கள் ஆராதனை அமெரிக்கர்களின் சர்ச் ஹாலில், அவர்கள் முடித்துப் போன பிறகு மதியத்தில்தான் நடக்கும். பாட்டு முடிந்ததும் ஞானமணி ஆன்ட்டி மைக்கில் என் பெயரைச் சொன்னார். எழுந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அம்மா என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தானே நடந்து போனார். புதுப் பட்டுச்சேலை சரசரத்தது.

"என் மகளுக்கு வந்தது தரிசனம் இல்ல," என்றார். "வலிப்பா இருக்கலாம். என் தங்கச்சிக்கும் இருக்கு. நாங்க அதைப் பூட்டி வச்சோம். இவள நான் பூட்டி வைக்க மாட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். ஜெபம் பண்ணிக்கோங்க."



"அவிசுவாசமா பேசாத ரெபெக்கா," என்றார் ஆன்ட்டி அம்மாவிடம், மெதுவாக. மைக் அதையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டது.

பின்வரிசையிலிருந்து தேவதாஸ் அங்கிள் எழுந்தார். "இதுவும் சாட்சிதான். எந்த ஆஸ்பத்திரி தங்கச்சி? பனி கொட்டும்ங்கிறாங்க, என் வண்டியில போலாம்." பாஸ்டர் ஐயா, "ஜெபிப்போம்," என்றார்.

அப்பா என் கையை விடவே இல்லை. நான் பிரியாணி இரண்டு தட்டு சாப்பிட்டேன். பயத்தில் எப்படிப் பசிக்கிறது?

டிசம்பர் 27, சனி

நேற்று ஆஸ்பத்திரி. தலையெல்லாம் இன்னும் பசை. வயர் ஒட்டி, விளக்கை மினுக்கிப் பார்த்தார்கள். மூளையில் ஓர் இடத்தில் மின்சாரம் தப்பாகப் பாய்கிறதாம். டாக்டர் அதைக் கோடு கோடாகக் காட்டினார். பிசாசு எந்தக் கோட்டிலும் இல்லை. அப்பா வாய்விட்டுக் கேட்டே விட்டார்: "இது அவ தப்பில்லையே?" டாக்டர் சிரித்தார், நல்ல விதமாக.

ஜனவரி 3, சனி

மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் தூக்கமாக வருகிறது. இன்று வாசனை வரவில்லை. அந்த ரயில்நிலைய வெளிச்சமும் இனி வராமல் போகலாம். அதற்காக மட்டும் கொஞ்சம் ஏங்குவேன்.

அம்மா ஜெபா சித்திக்கு ஃபோன் போட்டார், ஸ்பீக்கரில். எல்லாம் சொன்னார்.

"மாத்திரை பேரு என்னக்கா?" என்று கேட்டார் சித்தி.

"பேர வச்சு நீயா வாங்கித் திங்காத. டாக்டரப் போய்ப் பாரு ஜெபா. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போ."

"அண்ணன் விட மாட்டான்."

"அவன்ட்ட நான் பேசுறேன். இப்பவே பேசுறேன். நீ கிளம்பு."

அங்கே அப்போதுதான் விடிந்திருக்க வேண்டும், காக்கா சத்தம் கேட்டது. பிறகு பீரோ திறக்கிற சத்தம்.

"ஏ ஜெர்லி, இருக்கியா? ஆஸ்பத்திரிக்கு எந்தச் சேலைட்டி கட்டட்டும்?"

மஞ்சள் என்றேன். சித்தியிடம் மஞ்சள் சேலை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.