சூடாக வாங்கிய லோடர்

அடியே,

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கையில் டீசல் வாடை போகவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் நீதான் எதிரே வந்து உட்காருகிறாய். உன் சேலையில், உன் தலைமயிரில், நீ வாங்கிவரும் பக்கோடாப் பொட்டலத்தில்கூட இந்த வாடைதானே அடிக்கும். புருசன் போன பிறகு அவன் டிராக்டரை விற்கச் சொன்னவர்களை எல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டு, நீயே ஸ்டீரிங் பிடித்து பாகூர் பக்கமெல்லாம் உழுதவள். இப்போது நீயும் இல்லை. அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் ஒன்றாகப் படித்தோமே, அந்தப் படிப்பை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்குச் சொல்லி அழ வேறு ஆள் கிடையாது.

போன மழையில் தென்பெண்ணையாறு கரையை உடைத்துக்கொண்டு எங்கள் கழனிக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது. மணல் போகவில்லை. முழங்கால் உசரத்துக்குக் கிடக்கிறது. நெல் விளைந்த இடத்தைப் பார்த்தால் கடற்கரை மாதிரி இருக்கிறது. அதை வாரி எடுத்தால்தான் நடவு. மணல் வாரும் லோடரை வாடகைக்குக் கேட்டு மகன் அலையாத இடமில்லை. "எல்லா வண்டியும் ரோட்டு வேலையில கெடக்குது, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்கள். நாற்றங்காலில் நிற்கிற நாற்று அடுத்த மாசம் வரைக்கும் காத்திருக்குமா?

மகன் இன்னொன்றும் சொன்னான். "இந்த நடவும் போச்சின்னா கழனிய மனை போடறவருக்கே குடுத்துடலாம்மா. நான் சேதராப்பட்டுல கம்பெனி வேலைக்குப் போயிடறன்."

அவன் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அதனால்தான் கறவை மாடு இரண்டையும் விற்றுவிட்டு, முன்னால் பெரிய பக்கெட்டும் ஆள் உசர டயருமாக நிற்குமே, அந்த லோடரைப் பழசாகவாவது ஒன்று வாங்கிவிடுவது என்று துணிந்தோம்.

வண்டி பார்க்கக் கிளம்பியபோது உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நெட்டப்பாக்கம் பக்கம் நீ இரண்டாவது டிராக்டர் வாங்கப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனாயே. விற்கிறவர் மோர் எடுத்துவரச் சொல்லி உபசாரம் பண்ணினார். நீ அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போய் இஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாய்.

"இன்னாய்யா, வண்டிக்கு ஜொரமா?"

"இல்லம்மா, இப்பத்தான் தண்ணி டேங்க் இழுத்துனு வந்துச்சி..."

"அப்ப ஜொரம் வுடட்டும். ஆறுனப்பறம் ஒரே சாவியில பத்திக்கிச்சின்னா வாங்கிக்கிறன்."

சொல்லிவிட்டு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாய். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ராகு காலம் வரப்போவுதுடி, அட்வான்ஸையாவது குடுத்துடு" என்று உன் தோளை உலுக்கினேன்.

"வண்டிய ராகுவா ஓட்டப்போறாரு? நான்டி ஓட்டப்போறன். கம்முனு ஒக்காரு."

ஆறின வண்டி ஒரே சாவியில் பிடித்தது, ராகு காலத்தில்தான் பணம் கொடுத்தாய். அந்த வண்டி உன் மருமகன் கையில் இன்றைக்கும் ஓடுகிறது.

எங்கள் லோடரைப் பார்த்தது வெள்ளிக்கிழமை, வில்லியனூர் தாண்டி ஒரு பழைய வண்டி ஷெட்டில். நாங்கள் பத்து மணிக்கு வருகிறோம் என்று மகன் முன்கூட்டியே போன் போட்டிருந்தான். போனால் வண்டியைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, இஞ்சினை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். என் கை தானாகவே போய்த் தொட்டது. சுட்டது.

"ஆறட்டும்பா" என்றேன்.

"ஆறவெச்சா பத்தரை தாண்டிடும் ஆயா. ராகு காலம் பொறந்துடும். மத்தியானம் கடலூர்லருந்து வேற பார்ட்டி வராங்க."

மகன் என் முகத்தையே பார்த்தான். எனக்கு வண்டியும் வேண்டியிருந்தது, நல்ல நேரமும் வேண்டியிருந்தது. வெற்றிலை பாக்கின் மேல் அட்வான்ஸை வைத்து நானேதான் நீட்டினேன்.

எலுமிச்சம்பழம் நசுக்கிக்கொண்டு வந்த வண்டி அன்று சாயங்காலமே மணலில் இறங்கியது. வாரி வாரிக் கொட்டியது. வரப்பில் நின்று "எங்க வூட்டு வண்டி" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். மறுநாள் காலையில் சாவி போட்டால் வெறுமனே முனகியது. இஞ்சின் பிடிக்கவேயில்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். "உள்ள தேஞ்சி போயிருக்குது ஆயா. சூட்டுல ஓடும், ஆறிட்டா புடிக்காது. இஞ்சின எறக்கித்தான் பாக்கணும்."

"தள்ளி வுட்டுப் பாக்கலாமேப்பா?"

"தள்றதுக்கு இது இன்னா மினி பஸ்ஸா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். விற்றவனிடம் போய்க் கேட்டதற்கு, "ஓடற வண்டியத்தான ஓட்டினு போனீங்க?" என்றான்.

இஞ்சினை இறக்க எங்களிடம் வழியில்லை. நாற்று முற்றிக்கொண்டே போனது. மனைக்காரர் வீட்டுக்கே வந்து டீ குடித்துவிட்டுப் போனார். மகன் அவரோடு சிரித்துப் பேசினான்டி. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நிலத்தை அவன் மனசில் எழுதிக் கொடுத்துவிட்டான் என்று தெரிந்தது.

மறுபடி மெக்கானிக் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "ரேடியேட்டர்ல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்திப் பாருங்க. எத்தினி நாளு தாங்கும்னு என்னைக் கேக்காதீங்க" என்றார்.

இன்று விடிந்ததும் நெல் அவிக்கும் அண்டாவை அடுப்பில் ஏற்றி, கரும்புச் சோகையைப் போட்டு எரித்தேன். பழைய தண்ணீரை இறக்கிவிட்டு, கொதிதண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினோம். மகன் சாவியைத் திருப்பினான். முனகல். மறுபடியும் முனகல்.

"வுடும்மா, போதும்" என்று இறங்கிவிட்டான்.

அப்போது என் வாயிலிருந்து வந்த பேச்சு என்னுடையதே இல்லை. வண்டியை, அதை விற்றவனை, அந்த ஆற்றை, எல்லாரையும் ஒரே மூச்சில் ஏசினேன். கலப்பை உடைந்தால் நீ நடுக்கழனியில் நின்று பேசுவாயே, அதே வார்த்தைகள், ஒன்று விடாமல். மகன் வாயைப் பிளந்தான். "யம்மா, இதெல்லாம் எங்க கத்துக்குன!" என்று சிரித்தான். அந்த மழைக்குப் பிறகு அவன் எனக்காகச் சிரித்தது இதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே ஏறி இன்னொரு தடவை திருப்பினான். கரும்புகையைக் கக்கிக்கொண்டு பிடித்துவிட்டது.

இப்போது உச்சி வெயில். இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தப் பயம். அவன் சீட்டில் இருந்தபடியே சோற்றை உருட்டி விழுங்கினான். மேற்கு மூலையில் கொஞ்சம் கறுப்பு மண் தெரிகிறது. மற்றதெல்லாம் வெள்ளையாகவே கிடக்கிறது. சற்று முன் மனைக்காரர் போன் செய்தார். மகன் போனை என்னிடம் நீட்டினான். "நடவு முடிஞ்சி பேசுங்க" என்று வைத்துவிட்டேன். நடவு நடக்குமா என்று எனக்கே தெரியாது. நாளைக்கு இந்த வண்டி எழும்புமா என்றும் தெரியாது.

உன் பொறுமை எனக்கு வரவில்லையடி. உட்கார்ந்து ஆறவிடத் தெரியவில்லை. உன் வசவு மட்டும்தான் எனக்கென்று மிஞ்சியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் வரப்பில் நிற்கிறேன்.

அதோ, வண்டிச் சத்தம் மாறுகிறது, திணறுகிறது. இரு, போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.