பிலோமினாளின் தெத்துப்பல்

சேசு, மரி, சூசை காவலாக.
பினாங்கு, 1934, தபசுக் காலம்.

என் ஞானப்பூவுக்கு, உன் புருஷன் சவரிமுத்து சொல்ல, பல் டாக்டர் வீட்டில் கணக்கெழுதும் கிராணி செபாஸ்டியன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டார் வருமுன், நம் பேத்தி பிலோமினாளின் தெத்துப்பல்லை நாவிதரை வைத்துப் பிடுங்கப்போவதாக எழுதியிருந்தாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ வாழ வருமுன் நடந்தது இது: என் அக்காள் சூசையம்மாளுக்கும் கல்யாணத்துக்காக இப்படித்தான் பிடுங்கினார்கள். தாடை வீங்கி, வாய் திறக்க முடியாமல் போனாள். பரிசச் சேலையோடு அடக்கம் செய்தோம்.

நான் வாசல் கூட்டும் டாக்டர் துரையிடமே கேட்டேன். அவர் ஒரு வெள்ளைத் தாடையை நீட்டினார். செத்தவன் எலும்பென்று நான் சிலுவை போட்டுக்கொண்டேன். செபாஸ்டியன் சிரித்துவிட்டான்.

"சுண்ணாம்பு அச்சுலா, பெரியவரே! இந்தப் பல்லுக்கு வேரு ரொம்ப ஆழம், கண்டவன் கையால பிடுங்கக் கூடாதுன்னு துரை சொல்றாரு. சொத்தை இருந்தா முதல்ல அதைப் பார்க்கணும். அப்புறம் கம்பி கட்டி மெல்ல மெல்ல நகர்த்தணும். ரெண்டு வருசம் ஆகும்லா."

மாப்பிள்ளை வீட்டார் அதுவரை காத்திருக்க மாட்டார்கள் என்றால் போகட்டும். நமக்கு நம் பிள்ளை உயிரோடு வேண்டும்.

கொஞ்சம் சுக்கும், அவள் தைத்த தலையணை உறை ஒன்றும் அனுப்பு. கப்பலுக்குத் தபால் பை கட்டுகிறார்கள், முடிக்கிறேன். இதற்குள் பிடுங்கியிருந்தால், விளக்கைப் பிடித்து வீக்கம் இருக்கிறதா பார். இருந்தால் அன்றே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. என்ன நடந்திருந்தாலும் எனக்கு மறைக்காதே.

சவரிமுத்து கைநாட்டு.