மச்சாள் பார்த்த நிலா

ஜூன் மாதம், வியாழன் இரவு. மில்லிக்கன், எங்கள் வீடு.

ஐஸ்லாந்திலிருந்து நானும் மச்சாளும் இன்று மத்தியானம் வந்து இறங்கினோம். எரிமலை கக்கிய கறுப்பு நிலம், நிலத்துச் சூட்டிலேயே வேகிற பாண், ஆட்டிறைச்சி சூப் எல்லாம் கண்டாயிற்று. ஆனால் மனதில் நிற்பது மச்சாளின் சங்கடகர சதுர்த்தி விரதம்தான்.

தன் மகளின் கழுத்தில் இருக்கிற கட்டி கெட்ட கட்டியாக இருக்கக்கூடாது என்று மச்சாள் விரதம் பிடித்தா. நிலாவைக் கண்ட பிறகுதான் சாப்பிடுவா. அங்கே இந்த மாதம் இருட்டுவதே இல்லை. நிலாவையும் காணவில்லை.

"மச்சாள், பிள்ளையார் உங்களை டயட்டில விட்டிட்டார்," என்று பகிடி விட்டேன். அவ சிரிக்கவில்லை. அதிகாலை நாலு மணிவரை பட்டினி. பார்க்கப் பாவமாக இருந்தது. இங்கே வீட்டில் நின்ற இவருக்கு வீடியோ கால் எடுத்து, "வெளியில போய் நிலாவை உங்கட அக்காவுக்குக் காட்டுங்கோ," என்றேன். காட்டினார். மச்சாள் கும்பிட்டுவிட்டுப் பாண் சாப்பிட்டா.

இன்று அவவை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது இவர் காருக்குள் சிரிக்கிறார்.

"அண்டைக்கு இங்க ஒரே முகில். நான் காட்டினது கடைப் பிளாசாவின்ர உருண்டை லைட்."

"சொந்த அக்காவையே பேய்க்காட்டினீங்களோ?"

"பசியில கிடந்தவ, பாவம். நீர் சொல்லிப்போடாதையும்."

வேறு நாளென்றால் வயிறு நோகச் சிரித்திருப்பேன்.

கட்டியின் சோதனை முடிவு நாளைக் காலை வரும். மச்சாளிடம் அந்த லைட்டைப் பற்றிச் சொல்வதா விடுவதா தெரியவில்லை. இப்போது வெளியே போய் நிலாவைத் தேடிப் பார்த்தேன். இன்றைக்கும் முகில்தான். பிளேனில் தந்தது செமிக்கவில்லை, இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று இவரிடம் சாட்டுச் சொல்லிவிட்டேன்.