மேற்குப் பத்து வரிசையும் நம் வீட்டுப் படுக்கை விரிப்புகளும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் முழங்கால் நீங்கலாக நலம். அங்கே நீ முழங்கால் உட்பட நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத ஆரம்பித்தால் எங்காவது போய்விடுவேன் என்று எனக்கே என்மேல் சந்தேகம் இருப்பதால், சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. மேற்குப் பத்து வரிசைக் கொடிகளைப் பிடுங்கப் போகிறோமா என்ற உன் கேள்விக்குப் பதில்.
2. என் பேண்ட்டுகளின் நிலைமை.
3. வாத்துகள் நான்கும் முழுக்க என் கட்டுப்பாட்டில் இருக்கின்றன என்ற தகவல்.
4. திராட்சை விஷயத்தில் உன் அம்மா பேச்சை ஏன் கேட்கக் கூடாது என்பதற்கான காரணங்கள்.

முதலாவதற்கு வருகிறேன். இரண்டு வருடமாக மேற்கு வரிசைப் பழங்கள் வெயிலில் வெந்துபோனது உனக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தின் தர அதிகாரி அம்மாள் போன வருடமே, “ஐயா, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா இந்தப் பத்து வரிசைய நாங்க எடுக்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டார். அவர்கள் எடுக்காவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது கயிற்றின் ஒரு முனையை நீயும் மறு முனையை நானும் பிடித்து நட்ட கொடிகள் அவை, பாதியில் நீ தண்ணீர் குடிக்கப் போனதால் ஆறாவது வரிசை இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது, அதனால் பிடுங்க எனக்கு மனமில்லை. அதிகாரி சொன்னதையெல்லாம் செய்தேன். மண்ணில் ஈரம் நிற்க வேண்டும் என்று வரிசைகளுக்கு நடுவே புல்லை வளர விட்டேன், வெட்டிய குச்சிகளை எரிக்காமல் பொடித்து வேரடியில் மூடினேன், சொட்டுக் குழாயை விடியற்காலையில் மட்டும் திறந்தேன். புல்லை மேய வாத்துகள் வாங்கினேன். பக்கத்துத் தோட்டத்து டிராக்டர்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “என்ன சார், திராட்சை வளர்க்கிறீங்களா, பாம்பு வளர்க்கிறீங்களா?” என்று கேட்டார். நானும் சிரித்துவைத்தேன். பிறகு இரண்டு நாள் கையில் கம்பு இல்லாமல் தோட்டத்தில் இறங்கவில்லை.

குலைகளுக்குக் காற்றுப் பட அவற்றைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளுவோம் அல்லவா, அதை இருபத்திரண்டு வருடமாக நோட்டில் குறித்த அதே தேதியில், இரண்டு பக்கமும் சமமாகச் செய்துவருகிறேன். ஒரு பக்கம் மட்டும் கிள்ளினால் பாதி முடி வெட்டிக்கொண்டு எழுந்து வந்தது போல் இருக்கும். அம்மா மூன்று வருடமாக, “காலை வெயில் படுற பக்கம் மட்டும் கிள்ளுங்க, சாயங்கால வெயில் பக்கத்த அப்படியே விடுங்க, கொடியில காயப்போட்ட திரைச்சீலையே அந்தப் பக்கந்தான் வெளுத்துப்போகுது” என்று சொல்லிவந்தாள். திரைச்சீலை வேறு, தாவரம் வேறு என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். “அது வெயிலுக்குத் தெரியுமாங்க?” என்றாள்.

இந்த வருடமும் தேதி தவறாமல் இரண்டு பக்கமும் கிள்ளி முடித்து, நோட்டில் ‘முடிந்தது’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். மறுநாள் காலை வானொலியில், நான்கு நாளைக்கு இதுவரை காணாத வெயில் என்றார்கள். அன்று மதியமே மேற்குப் பக்கத்துப் பழங்கள் காப்பித்தூள் பூசியது போல் ஆகத் தொடங்கின. நான் பதறாமல் வெப்பமானியை எடுத்துக்கொண்டு போய் அரைமணிக்கு ஒருமுறை குறித்தேன். எழுதினால் குளிருமா என்று அம்மா கேட்டாள். பதிவு அவசியம் என்றேன். உடனே வீட்டுக்குள் போனவள் படுக்கை விரிப்புகள், திரைச்சீலைகள், மேசைவிரிப்பு, ஒரு கூடை துணிக் கிளிப் எல்லாவற்றோடும் வந்தாள். நீ அனுப்பிய நீலப்பூ விரிப்பும் அதில் அடக்கம். சாயங்கால வெயில் பக்கத்தை மறைத்துக் கட்டியதில் எல்லாமாகச் சேர்ந்து ஏழு வரிசைக்குத்தான் வந்தது.

இங்கேதான் இரண்டாவது அம்சம் வருகிறது. மூன்றாம் நாள் நான் குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தால் காலி. மீதி மூன்று வரிசையில் என் சட்டைகளும் பேண்ட்டுகளும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு பேண்ட்டையாவது மீட்கலாம் என்று துண்டோடு தோட்டத்துக்குள் போனேன். மறுநாள் வர வேண்டிய தர அதிகாரி அப்போதே வந்துவிட்டார். நான் நீலப்பூ விரிப்புக்குப் பின்னால் ஒதுங்கினேன். “ஐயா, வெளிய வாங்க, பேசணும்” என்றார். இங்கேயே சௌகரியமாக இருக்கிறது என்றேன். அவர் விரிப்பைப் பார்த்தே கேள்வி கேட்டார், நானும் விரிப்புக்கு உள்ளிருந்தே பதில் சொன்னேன். அதற்குள் வாத்துகள் நான்கும் வந்து என் துண்டின் நுனியைப் பிடித்து இழுத்தன. அதற்குமேல் நடந்ததை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதிகாரி கண்ணியமானவர், வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் குலை குலையாகத் தூக்கிப் பார்த்தார், கருவியில் சர்க்கரை அளந்தார், தின்றும் பார்த்தார். துணி கட்டுமுன் கருகியது போக மீதி நன்றாக இருக்கிறதாம். என் சட்டைகள் தொங்கிய வரிசையில் மட்டும் சேதம் சற்று அதிகம், எல்லாம் அரைக்கை. “இந்த வருஷம் எடுத்துக்கிறோம், கொடியைப் பிடுங்க வேண்டாம்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, நல்லவேளை விரிப்புக்குப் பின்னால் இருந்தேன். அடுத்த வருடம் நிழல்வலை கட்ட வேண்டுமாம், சாயங்கால வெயில் பக்கத்து இலையைத் தொடவே கூடாதாம். “ஆமா, துணி கட்டுறது யார் யோசனை?” என்று கேட்டார். கிளிப் கூடையோடு அம்மா பக்கத்திலேயே நின்றிருந்தாள். நான், என்னுடையது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவரும் படிவத்தில் ‘தோட்டக்காரரின் யோசனை’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.  அன்றிலிருந்து அம்மா எனக்குக் காப்பி வைக்கும்போது டம்ளர் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது.

நீ வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, இலை இழந்த பழங்களுக்கு நேர்ந்த கதியைப் பார்த்த பிறகு சொல்கிறேன். எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ அப்பாவின் ஆசிகள். நிழல்வலையில் எந்த அடர்த்தி நல்லது என்று விசாரித்து எழுத மறக்காதே.

கையெழுத்துப் போடும் முன் ஒரு திருத்தம். மூன்றாவது அம்சம் ஆட்டம் கண்டுவிட்டதை நீயே கவனித்திருப்பாய், அதை விடு. நான் சொல்ல வந்தது நான்காவது. அதற்குக் காரணங்கள் எழுத இந்தத் தாளில் இடம் வைத்திருந்தேன், காலையிலிருந்து யோசிக்கிறேன், ஒன்றுகூட வரவில்லை. நான்காவது தவறு. துணி கட்டும் யோசனையும் அம்மாவுடையதுதான். சங்கத்துக்கும் தனியாக எழுதிவிட்டேன். இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது. ஆனால் உனக்கு நான் எழுதும் கடிதங்களை உறை ஒட்டுமுன் அவள் ஒரு வரி விடாமல் படிக்கிறாள் என்பது எனக்குப் பல வருடமாகத் தெரியும்.

இப்படிக்கு,
இதுவரை ஒரு பேண்ட் மட்டும் திரும்பக் கிடைத்திருக்கும்
உன் அப்பா