உன் இலையில் வைத்த பட்டர் ஃப்ரூட் ரொட்டி

பச்சை மிளகாய் நசுக்கிய கையோடு கண்ணைத் துடைத்துவிட்டேன். எரிச்சலில் நம் தையல் கடைக்குள் தனியாக நின்று குதித்தேன். நீ இருந்திருந்தால் தண்ணீர் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டாய்; சிரித்து முடித்த பிறகுதான் மறு வேலை. இன்று உனக்கு முதல் வருஷப் படையல். அதற்காகத்தான் விடிந்ததுமே கடையைத் திறந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

நேற்று உன் புருஷன் போன் செய்தார். "ஏம்மா, படையலுக்கு அவளுக்குப் பிடிச்சதை வைக்கணுமாம். அவளுக்கு என்னம்மா பிடிக்கும்?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவருக்கு இட்லி பூப்போல இருக்க வேண்டும், மாமியாருக்குக் காரம் ஆகாது, பையனுக்கு முட்டையில் மஞ்சள் கரு உடையக் கூடாது. இதெல்லாம் எனக்கே மனப்பாடம். உனக்கு எது பிடிக்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. "அவ எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாம்மா" என்றார், ஏதோ உன்னைப் புகழ்வது போல. உனக்கு யார் கொடுத்தார்கள்?

எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சினால்தான் உனக்கு. பாதி நாள் வெறும் வயிற்றோடுதான் கடைக்கு வருவாய். ஒரு நாள் மயிலாடுதுறை கடைத்தெருவில் பட்டர் ஃப்ரூட் ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். "இதுல போய் சர்க்கரையைக் கொட்டுவாங்களா? இது உப்பும் காரமும் கேக்குற பழம்டி."

மறுநாளே ஒரு பழத்தோடு வந்தாய். மசித்து, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, எலுமிச்சை. ரொட்டியை நெய்யில் முறுக வாட்டி அதைத் தடவி, மேலே ஆஃப் பாயில், கை நிறைய மிளகுத்தூள். மஞ்சள் கரு முழங்கை வரை வழிய, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாய். அதன் பிறகு காலை டிபன் நமக்கு அதுதான்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். வீட்டிலும் செய்து சாப்பிடேன் என்று எத்தனை தடவை சொன்னேன்! "சொன்னா அதையும் எல்லாருக்கும் செய்யணும்டி. கடைசியில எனக்கு ரொட்டி ஓரந்தான் மிஞ்சும்" என்று சிரித்தாய். சிரிக்கிற விஷயமா அது? ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாய். காய்ச்சலோடும் நின்று சமைத்தாள் என்று கருமாதியன்று உன் மாமியார் பெருமையாகச் சொன்னார். கேட்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

இன்று உன் படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தார்கள். கறிக்குழம்பு, வறுத்த மீன், வாழைக்காய் வறுவல். எல்லாம் உன் புருஷனுக்குப் பிடித்தவை. நடுவில் என் ரொட்டியை வைத்தேன்.

சூடம் காட்டியதும் உன் புருஷன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவாம்மா பிடிக்கும்? வீட்ல ஒரு நாளும் செஞ்சதில்லையே." குரல் உடைந்து அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுதான் கொண்டாந்தியா? ஆளுக்குக் கொஞ்சம் பாக்கலாமே" என்றார்.

"படையல் அவளுக்குத்தானே அண்ணே."

மற்றதில் எல்லாம் ஒரு பிடி எடுத்தேன். ரொட்டியை மட்டும் முழுசாக எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்க் காக்கைக்கு வைத்தேன். காக்கை எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாதல்லவா? கீழே எல்லோரும் இலையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். வந்த காக்கை முதலில் முட்டையைக் கொத்தியது. பிறகு ரொட்டியையும் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. நான் இறங்கவில்லை. இந்தக் கோபம் எனக்கு ஆறாது. ஆற வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

"எடுத்துடுச்சாம்மா? பசிக்குது" என்று உன் புருஷன் படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"அவ சாப்பிட்டுட்டு இருக்கா. இருங்க" என்றேன்.