ஐஸ் பெட்டியில் வந்த மருந்து

என் கண்ணு நர்மதாவுக்கு,

கடலம்மா மேல் ஆணையாக, யாருமே நம்பாத கதை ஒன்று சொல்கிறேன்.

குழந்தைக்காக உன் கருமுட்டை வளர்வதற்கான பத்து நாள் ஹார்மோன் ஊசி மருந்தை டோல்கேட் மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டு காலடிப்பேட்டையில் உன் வீட்டுக்கு வந்தேனே, அன்று நூறு கன்டெய்னர் லாரிகள் ஒதுங்கி எனக்கு வழிவிட்டன. துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் சங்கு ஊதின.

"ஜில்லுனு எத்துகினு போ நைனா," என்றார் கடைக்காரர். காசிமேட்டில் முப்பது வருடம் மீனுக்கு ஐஸ் போட்டவனிடமா சொல்வது? அரை மூட்டை ஐஸை நொறுக்கி, கல்லுப்புத் தூவி மீன் பெட்டியில் கொட்டி, நடுவில் மருந்தைப் புதைத்தேன்.

"இன்னா மாமு, ஊசி கொண்டாந்தியா, வஞ்சிரம் கொண்டாந்தியா?" என்று சிரித்தாய்.

பத்து நாளும் ஊசி போட்டும் முட்டை வளரவில்லை. உன் வயதுக்கு இதுவே கடைசி முயற்சி என்று டாக்டர் முடித்துவிட்டார். "என் ஒடம்பே வேஸ்ட்டு மாமு," என்று நேற்று அழுதாய்.

உறைந்துபோனால் அந்த மருந்து செத்துவிடுமாம். கடைக்காரரிடம் இன்றுதான் கேட்டேன்.

உன் உடம்பின் மேல் தப்பில்லை, கண்ணு. லாரிகளும் கப்பல்களும் பொய். உன் வாசலில் பெட்டியைத் திறந்தபோது மருந்து கல்லாக உறைந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து உருக்கி, ஒன்றும் சொல்லாமல் உன்னிடம் கொடுத்தேன். அது மட்டும் நிஜம்.

உன் தாய்மாமன்